அந்தப் பச்சையின் பெயர்

ஜெனீவா, 14 மார்ச் 1962

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் மாப்பிள்ளை அர்மான் இன்னும் மலையில் அணைக்கட்டு வேலையில்தான் இருக்கிறார். மேலே பாதை பனியில் மூடிக் கிடக்கிறது, தந்தி போயிற்றா என்றுகூடத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று போனில் நான் பாதி சொல்வதற்குள் வைத்துவிட்டீர்கள். மறுபடி கூப்பிட்டேன். போன் இருக்கிற ரொட்டிக்கடையின் அம்மாளே எடுத்தாள். "பக்கத்துலதான் நிக்கிறார்மா. ஆனா நடக்கப் போயிட்டேன்னு சொல்லச் சொல்றார். எனக்குப் பொய் சொல்ல வராது, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். தம்பி பாஸ்கல் முதல் ரயிலில் இதைக் கொண்டு வருகிறான். உறையை ஒட்டியிருக்கிறேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். முந்தாநாள் லியோனிக்குச் சளி என்று குழந்தைக் காப்பகத்தில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். நான் வேலை செய்யும் ஏல நிறுவனத்தின் பட்டியல் அச்சுக்குப் போக இரண்டு நாள்தான் இருந்தது. ஒரே ஒரு பழைய தங்க மூக்குப்பொடி டப்பிக்கு மட்டும் விவரம் எழுதி முடிக்கவில்லை. அதைக் கைப்பையில் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்தேன். செய்யக்கூடாததுதான். பால் பொங்குகிற சத்தம் கேட்டு அடுப்படிக்குப் போனேன், ஒரு நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்தபோது டப்பியின் மூலை அவள் வாயில். அவளுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிற நேரம், எதைக் கண்டாலும் கடிக்கிறாள். உதடெல்லாம் பச்சை.

சிரித்தாள் அப்பா. நானும் சிரித்தபடியேதான் துடைத்தேன். அப்புறம்தான் டப்பியைத் திருப்பிப் பார்த்தேன். மூடியில் ஆட்டு மந்தை மேய்கிற புல்வெளி, அதில் ஒரு விரல் நகமளவு காணவில்லை. கீழே வெறும் தங்கம்.

மாலைக்குள் நான்கு முறை வாந்தி. இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுகிறாள். தொட்டால் அழுகிறாள், தொடாவிட்டால் அழக்கூட மாட்டேன் என்கிறாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

டாக்டர் மெய்லான் நல்ல மனிதர், ஆனால் மறைத்துப் பேசத் தெரியாதவர். "ஈயமா ஆர்சனிக்கா, அத மட்டும் சொல்லும்மா. இதுக்கு ஒரு மருந்து, அதுக்கு வேற மருந்து. மாத்திப் போட்டா மருந்தே பிள்ளையோட சிறுநீரகத்தக் கெடுத்துடும். பழைய பச்சைன்னா எனக்கு ரெண்டு மேலயும் சந்தேகம்" என்றார். அவள் வாயிலிருந்து நான் துடைத்தெடுத்த துணுக்கைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர நான்கு நாள் ஆகும். அவ்வளவு நாள் காத்திருக்க முடியுமா என்று கேட்டேன். "முடியாதும்மா" என்றார்.

இன்று காலை எங்கள் முதலாளி மதாம் ரொசியேயிடம் டப்பியைக் கொண்டு போய்க் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இருநூறு வருஷ எனாமல உன் பொண்ணு பல்லால பேத்துட்டாளா? என்ன, வைரப் பல்லு வச்சிருக்காளா?" என்று கத்தினாள். கத்திய வாய் அப்படியே நின்றது. லென்சை எடுத்துக் குனிந்தாள். எனாமல் என்றால் தங்கத்தின் மேல் உருக்கிய கண்ணாடி, பால் பல்லுக்கு வராது, வந்தது பிறகு யாரோ பூசிய வண்ணம் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? கோப்பைத் திறந்து எனாமல் நிபுணர் கொடுத்த பழைய சான்றிதழை எடுத்தாள். "எனாமல் முழுவதும் அசல், பிற்காலக் கை படாதது." 1938 மே மாதம். நான் பிறந்து இரண்டு மாதம். "ஒதீல், இது உங்க அப்பா கையெழுத்துதானே?" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

அப்பா, ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும். மூன்று வாரம் முன்பே எனக்குத் தெரியும். தெரியும் என்றுகூடச் சொல்ல முடியாது, பார்த்தேன். மூடியின் இடது ஓரத்தில் மட்டும் இலைகள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன, இடது கைக்காரர் போட்ட தூரிகை மாதிரி. என் பள்ளிப் பெட்டியில் நீங்கள் வரைந்து கொடுத்த மரத்தின் இலைகள் மாதிரி. ஐந்து வருடம் பல்கலைக்கழகத்தில் இதைத்தானே படித்தேன்! லென்சை வைத்துவிட்டுச் சான்றிதழைப் படித்தேன். கண்ணை நம்பாமல் கையெழுத்தை நம்பி, நானும் "அசல்" என்று எழுதிவிட்டேன். ஒரு துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்திருந்தால் அன்றைக்கே வண்ணம் கையோடு வந்திருக்கும். துடைக்க மனம் வரவில்லை.

உடைந்த இடத்தை மறுபடி உலையில் வைத்தால் மிச்ச எனாமலும் வெடித்துவிடும், வண்ணம் பூசி மறைப்பதைத் தவிர உங்களுக்கு வேறு வழி இருந்திருக்காது. யாரிடம் உடைந்தது, ஏன் சொல்லவில்லை, எதையும் நான் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன். என் வேலை போகட்டும். டாக்டருக்கும் யார் பூசியது என்பது வேண்டாம்.

வார்னிஷில் எந்தப் பச்சையைக் குழைத்தீர்கள்? அது மட்டும் வேண்டும். வெளுக்க ஈய வெள்ளை சேர்த்தீர்களா என்பதும்.

போனில் சொல்ல வாய் வராவிட்டால் வேறொரு தாளில் அந்தப் பெயரை மட்டும் எழுதிக் கொடுங்கள். பாஸ்கல் வாசலில்தான் நிற்பான், உள்ளே வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ரயில் நிலையத்திலிருந்தே அவன் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி அதைப் படித்துச் சொல்லிவிடுவான்.

நினைவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நிஜமாகவே நினைவில்லை என்றால், பழைய வண்ணப் புட்டிகளை அப்படியே அள்ளிக்கொண்டு அவனோடு கிளம்பி வந்துவிடுங்கள். யார் முகத்தையும் நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. நேரே இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். நான் கூப்பிட்டால் அவள் கண்ணைத் திறப்பதில்லை. நீங்கள் கூப்பிட்டால் திறப்பாளோ என்னவோ.

உங்கள் மகள்,
ஒதீல்