படிகளை எண்ணிச் சொல்லுங்கள், அப்பா

மிட்சம், லண்டன்
2 மார்ச் 2025

அன்புள்ள அப்பா,

டீசல் முடிந்ததால் உங்கள் கப்பலில் போன் சார்ஜ் பண்ண ஏலாது என்று கப்பல் ஏஜென்ட் சொன்னார். அதனால் அவருடைய விலாசத்துக்கு எழுதுகிறேன். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று அம்மாவிடம் கேட்டால், "கொப்பருக்கென்ன, கப்பலைக் கோர்ட் மறிச்சு வைச்சாலும் அவர் தீவைச் சுத்திப் பாக்கிறார்" என்று சொல்லி, அம்மா சட்டியை டமார் என்று வைத்தா.

நூலகத்தில் உங்கள் குட்டிக் கிரேக்கத் தீவைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்தேன். பார்க்க வேண்டியவை: மலையுச்சியில் அந்தோனியார் கோயில், அதற்கு ஏறும் 214 படிகள், பழைய காற்றாலை, துறைமுக பேக்கரியின் எள்ளுப் பாண். படிகளை எண்ணிச் சொல்லுங்கள். புத்தகத்தில் இருப்பதெல்லாம் சரியென்று நம்பக் கூடாதென்று ரீச்சர் சொன்னவ.

உங்கள் மகள்,
றஜீனா

23 மார்ச்

என் குஞ்சு றஜீனா,

சனிக்கிழமை தண்ணீர்ப் படகில், அரிசி மூட்டையோடு உன் கடிதம் வந்தது. கோயிலின் கூரை நீலம். மணி அடித்தால் புறாக்கள் எல்லாம் ஒன்றாக எழும்பும். காற்றாலைக்கு இரண்டு இறக்கை முறிந்துவிட்டது. பாண் கடைக் கிழவர் விடிய ஐந்து மணிக்கு லைட் போடுவார். படிகள் நிறைய. எண்ணும்போது பிழைத்துவிடும்.

நான் சுகம் என்று அம்மாவுக்குச் சொல்லு.

அப்பா

மிட்சம்
20 ஏப்ரல், உயிர்த்த ஞாயிறு

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். கோயிலுக்குள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பாணின் ருசியையும் எழுதவில்லை. நீங்கள் கப்பல் சமையல்காரர், அப்பா. எங்கள் வீட்டுப் பாணுக்கே நூறு குறை சொல்லுவீர்கள்.

புத்தகத்தில் தீவின் வரைபடம் இருக்கிறது. நீங்கள் சொன்ன எல்லாமே கடற்பக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் கரையில் இறங்கவேயில்லை, என்ன?

அம்மாவிடம் கேட்டேன். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டா. தண்ணீர் கனநேரம் ஓடியது. அவவுக்கும் தெரியும் போல.

றஜீனா

11 மே

என் குஞ்சு,

ஓம். பத்து மாதமாக நான் இறங்கவில்லை. வழக்கு முடியும்வரை கப்பலில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டுமாம். யார் இருக்கிறது என்று கேட்டுக் கோர்ட் தாளை நீட்டினார்கள். எனக்கு விளங்காத பாஷை. வாசிக்கத் தெரியுமென்று காட்டக் கையெழுத்து வைத்துவிட்டேன். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்குப் பதில் ஆள் வந்தால்தான் நான் இறங்கலாம். கடவுச்சீட்டும் அவர்களிடம்.

கரை எண்ணூறு மீற்றர்தான். கப்பல் தொலைநோக்கியால் எல்லாம் பார்த்தேன். மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நீ எழுது. அது எனக்குத் தெரியாது.

அப்பா

மிட்சம்
1 ஜூன்

அன்புள்ள அப்பா,

மலைக்குப் பின்னால் எலுமிச்சைத் தோட்டம். பதினொரு பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். ஒரு கிணறு, தண்ணீர் உப்பு இல்லையாம். வேறொருவர் கேட்டதால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்கு முதல் முழுவதையும் கொப்பியில் எழுதினேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பக்கம் அனுப்புவேன். 46 பக்கம் இருக்கிறது. அவ்வளவும் தேவைப்படக் கூடாது.

றஜீனா

28 செப்டம்பர்

என் குஞ்சு றஜீனா,

பதினாறாவது பக்கத்தோடு பதில் ஆளும் படகில் வந்தார். 217 படி. கால் பழக்கமில்லை, மூன்று இடத்தில் குந்தி எழும்பினேன். ஆனாலும் எண்ணிக்கை பிழைக்கவில்லை. புத்தகம்தான் பிழை.

எள்ளுப் பாணுக்கு உப்புக் காணாது. அம்மாவிடம் சொல்லு.

அப்பா