மாயக்காள் போன நேரம்

1937 நவம்பர் 3, புதன்

தொடர்ந்து பதினெட்டாவது ராத்திரி வேலை. பிரசவ வார்டும் காய்ச்சல் வார்டும் சேர்த்து நாற்பத்தொரு கட்டில், ஒரு லாந்தர், ஒரு நான். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோமாம், நாற்காலியையும் எடுத்துப் போய்விட்டார்கள். மணிக்கு மணி சுற்றிப் பார்த்து, "அனைவரும் நலம்" என்று புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் எட்டு மணிக்கே விடியும் வரைக்குமான நலத்தை எழுதிவைத்துவிடுவோம். வேலையில் சேர்ந்த அன்றே சீனியம்மாள் அக்கா சொல்லிக் கொடுத்தது: "எழுதிக்கிட்டே நின்னா பெட்பேனை எவ எடுக்குறது, செல்லத்தாயி?"

நவம்பர் 6

சிம்மக்கல்லில் குடியிருந்துகொண்டு பகலில் தூங்கவா? மூட்டை வண்டிக்காரர்கள் விட்டால்தானே.

நவம்பர் 9, செவ்வாய்

பதினேழாம் கட்டில் மாயக்காள் செத்துப்போனாள். காய்ச்சலுக்கு வந்தவள், இருபது வயது. இரண்டு மணிக்குத் தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். பிறகு பிரசவ வார்டில் ஒருத்திக்கு ரத்தம் நிற்கவில்லை. அவளை விட்டு எப்படி வருவேன்? அவள் பிழைத்துக்கொண்டாள். ஐந்து மணிக்குத் திரும்பி வந்தால் இவள் சில்லிட்டுக் கிடக்கிறாள். புத்தகத்தில் மூன்று மணி, நலம். நான்கு மணி, நலம். ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும்கூட நலம் — ஐயோ, எல்லாம் என் கையெழுத்து.

வாசலில் அவள் அம்மா ராமக்காள், அலங்காநல்லூர்க்காரி. ராத்திரி யாரும் உள்ளே இருக்கக் கூடாதென்று நான்தான் வெளியே அனுப்பியிருந்தேன். "எம்மக எந்நேரம் போனா தாயி? ஆகாத நட்சத்திரத்துல போயிருந்தா அடைப்புன்னு வீட்டை மாசக்கணக்கா பூட்டிப் போடணும்ல."

காலை வேலைக்கு வந்த சீனியம்மாள் அக்கா என் காதோரம், "அஞ்சு மணின்னு சொல்லிரு. வேலையாச்சும் மிஞ்சும்" என்றாள். வேலை போனால் எனக்குப் போக்கிடம் ஏது? புருஷன் செத்த பிறகு அந்த வீட்டில் என்னைச் சேர்க்க மாட்டார்கள். அஞ்சு மணி என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தம்மா முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. "தெரியலம்மா. நான் பக்கத்துல இல்ல" என்றேன்.

"பெத்தவ நான் இருந்திருப்பேன்ல" என்றாள். அவ்வளவுதான்.

நவம்பர் 11

விசாரணை. பெரிய டாக்டர் புத்தகத்தை என் முன்னால் போட்டார். எட்டு மணிக்கே போட்ட கையெழுத்து என்றேன். எல்லாரும் அப்படித்தான் போடுகிறோம், நாற்பத்தொரு கட்டிலுக்கு ஒருத்தி போதாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் அக்கா: "எங்க சோத்துலயும் மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!" எனக்கும் ஆத்திரம். போட்டா போட்டதுதான்! எம்புட்டு நாளைக்குப் பொய்யை எழுதுறது?

நவம்பர் 20

வேலை போகவில்லை. ஆனால் இனி வார்டுக்குள் கால் வைக்கக் கூடாதாம். துணி அறையில் போட்டுவிட்டார்கள்.

அலங்காநல்லூரிலிருந்து வரும் ஆயா சொன்னாள்: நேரம் தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று ராமக்காள் ஆறு மாதத்துக்கு வீட்டைப் பூட்டிவிட்டாளாம். தம்பி வீட்டு மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொள்கிறாளாம்.

1938 மே 9, திங்கள்

சீனியம்மாள் அக்கா துணிச் சீட்டோடு வந்தாள். ராத்திரி நர்சுக்கு ஏப்ரன், இரண்டு.

"ரெண்டா?"

"ரெண்டுதான். நானும் ஜெயக்கொடியும், வார்டுக்கு ஒருத்தி. நாற்காலி வேற போட்டிருக்காக. பழக்கமில்லாம உக்காரவே பயமா இருக்குடி."

ஆறு மாதத்தில் இன்றுதான் என்னோடு பேசினாள். வெளுத்ததில் நல்லதாக இரண்டு எடுத்துக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் ராத்திரி எனக்கு வேலை இல்லை. இருந்தும் மூன்று மணிக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது.

இன்றோடு ஆறு மாதம். அலங்காநல்லூரில் வீட்டைத் திறந்திருப்பாள்.