பல் டாக்டரின் காரும் உன் சின்ன எஞ்சினும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடலாம், ஆனால் மூன்று வாரமாக உன்னிடமிருந்து வரும் செய்தியெல்லாம் 'ம்', 'சரி', 'வேலை' என்று ஒரு சொல்லைத் தாண்டவில்லை, அதை வைத்துக்கொண்டு உன் உடம்பையும் மனசையும் நான் எப்படிக் கண்டுபிடிப்பது. அதனால் போனை ஓரமாக வைத்துவிட்டு, டாக்ஸி ஸ்டாண்டில் சவாரி இல்லாத நேரம் பார்த்து, ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் ஸ்டியரிங்கைத் திட்டு. வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை, மாடி வீட்டுக்காரர் மறுபடி குழாயைத் திறந்து வைத்துவிட்டு ஊருக்குப் போனார், நம் சமையலறைச் சுவரில் பெரிய ஈரக்கறை, அப்பா அதற்கு வெள்ளையடிக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே பத்து நாளை ஓட்டிவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நீ போனில் சொன்னதை நான் ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். இருபத்துநாலு மணி நேரப் பந்தயத்துக்காக நீ பாடுபட்டுச் செய்த அந்த நாலு சிலிண்டர் எஞ்சின், பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்தது, சோதனை ஓட்டத்தில் பதினெட்டாவது மணியில் பேரிங் போய் நின்றுவிட்டது, ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை, சின்ன எஞ்சினா, போன வருடத்து எட்டு சிலிண்டர் எஞ்சினா என்று மாதக் கடைசிக்குள் நீ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று உன் தலைமை எஞ்சினியர் கெடு வைத்திருக்கிறார். இதையெல்லாம் சொல்லிவிட்டு அப்பாவிடம் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாய். அவர் யோசிக்கக்கூட இல்லை. "பெரிசையே போடு. தையல் மிஷின் மோட்டாரை வெச்சுக்கிட்டு ஒரு நாள் முழுக்க ஓட முடியாது" என்றார். இனிமேல் உங்களிடம் எதையும் கேட்க மாட்டேன் என்று சொல்லி நீ வைத்துவிட்டாய். நான் அன்றைக்கு முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. உன் அப்பா என்னமோ இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அதைப் பார்த்து எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

அதற்கப்புறம் நடந்ததைக் கேள். நம் பல் டாக்டரை உனக்குத் தெரியும், ஆறு வயதில் அவர் விரலைக் கடித்து வைத்தாயே, அவரேதான். அவர் ஒரு வருடத்துக்கு முன்னால் புது ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். பழையது எட்டு சிலிண்டர், அதை அவர் ஸ்டார்ட் செய்தால் கிளினிக் திறந்துவிட்டது என்று தெரு முழுக்கத் தெரியும். புதியதில் அதில் பாதி எஞ்சின்தான், கூட மோட்டார், பழையதைவிட வேகமாகவும் போகிறது, ஆனாலும் மனுஷனுக்குச் சத்தம் பத்தவில்லை. ஆயில் மாற்ற நம் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுவந்தவர், வீட்டுக்கு வந்த மருமகனைப் பற்றிக் குறை சொல்வதுபோல் அந்தக் காரைப் பற்றி அப்பாவிடம் புலம்பியிருக்கிறார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். என் மகளும் இப்படி ஒன்றைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று வேறு சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் பள்ளத்தில் இறங்கி, ஒரு நிமிடம் காதைக் கொடுத்துக் கேட்டு, சத்தம் இல்லை என்றதும் ஆயிலை வடிய விட்டார். முப்பத்தைந்து வருடமாக அவர் யாரிடமும் சாவியைக் கேட்டதில்லை, எஞ்சின் அணைந்திருக்கிறதா இல்லையா என்பதை அவர் காதுதான் சொல்லும். மேலே டாக்டரோ வெயில் தாங்காமல் ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து நோயாளி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருக்கிறார். கார் அணையவே இல்லை, பேட்டரியில் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பேட்டரி இறங்கியதும் எஞ்சின் தானாகக் கிளம்பிவிட்டது, உள்ளே ஒரு சொட்டு ஆயில் கிடையாது. அப்பா தலையிலிருந்து தோள்வரை கறுப்பாக, கத்திக்கொண்டே பள்ளத்திலிருந்து ஏறி வந்து நிறுத்தச் சொல்வதற்குள் பத்து விநாடி ஓடியேவிட்டது.

முதலில் அவர் எஞ்சினைத்தான் திட்டினார். கேட்காமல் கொள்ளாமல் தானாகக் கிளம்புகிற எஞ்சின் ஒரு எஞ்சினா என்று வீட்டுக்கு வந்தும் பொரிந்து தள்ளினார், பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்த என் டாக்ஸியும் ஆறு வருடமாக அப்படித்தான் கிளம்புகிறது, நான் அணைத்துவிட்டு இறங்கிக் கொடுப்பதால் அவருக்கு அது உறைத்ததே இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மறுநாள் காலை அவரே கிளினிக்குக்குப் போய், தப்பு என்னுடையது, எஞ்சினை நானே பிரித்துப் பார்த்துச் சரிசெய்து தருகிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தார். இந்த ஒரு குணத்துக்காகத்தான் அவரோடு இத்தனை வருடம் குப்பை கொட்டுகிறேன்.

நான்கு நாள் பிரித்தார். டாக்டரும் மத்தியான இடைவேளையில் வந்து பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார், நான் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்ப்பேன், இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்திருப்பார்கள். எஞ்சினுக்குள் சுழலும் கிராங்கைச் சுற்றி அரைவட்டமாக மெல்லிய பேரிங் தகடுகள் இருக்குமே, அவற்றில் பத்து விநாடி காய்ந்து ஓடியதன் கீறல் புதிதாகப் பளபளவென்று தெரிந்தது, அதை அப்பா எதிர்பார்த்தார். ஆனால் அந்தக் கீறலுக்கு அடியில் பழைய தேய்மானம் ஒன்று, மங்கலாக, எல்லாத் தகட்டிலும் ஒரே பக்கத்தில் இருந்தது. வண்டி பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. பார்த்தீர்களா, சின்ன எஞ்சின் தாங்காது என்று அப்பா ஆரம்பித்தார். டாக்டர் பல் பார்க்கிற பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பல் தேஞ்சிருந்தா பல்லு மேல நாங்க தப்பு சொல்றதில்ல சார். அந்த ஆளுக்கு என்ன பழக்கம்னு கேப்போம்" என்றார். உன் அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாப்பாடு ஆறிப்போகிறது என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, உன் டாக்ஸி எஞ்சின் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நின்று கிளம்புகிறது என்று கேட்டார். நான் எங்கே எண்ணினேன்.

மறுநாள் ஒர்க் ஷாப்பைப் பூட்டிவிட்டு ஒரு நோட்டோடு என் டாக்ஸியில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். எஞ்சின் கிளம்பும்போதெல்லாம் நான் 'இப்போ' என்று சொல்ல வேண்டும், அவர் ஒரு கோடு போடுவார். பின்னால் இருந்த ஒரு அம்மா, உங்களுக்கு ஏதாவது டிரைவிங் பரீட்சையா, நான் இறங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டார். மத்தியானத்துக்குள் அப்பா உள்ளங்கையை டேஷ்போர்டில் வைத்து, நான் சொல்வதற்கு முன்பே கோடு போட ஆரம்பித்துவிட்டார். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. இத்தனை தடவை கிளம்பியும் என் வண்டியின் பேரிங் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். அப்போதுதான் பூனைக்குட்டி வெளியே வந்தது. போன வருடம் என் எஞ்சினைத் திறந்தபோது தகடெல்லாம் புதிது மாதிரி இருந்திருக்கிறது, மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகு. சொன்னால் சின்ன எஞ்சினைப் புகழ்ந்ததாக ஆகிவிடும் என்று என்னிடம் மூச்சுவிடவில்லை. நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தேன், அவரும் சிரித்தார், ரொம்ப நாளைக்கப்புறம்.

அவர் கண்டுபிடித்தது இதுதான் கண்ணு, எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், தப்பிருந்தால் நீ திருத்திக்கொள். என் டாக்ஸியில் மோட்டார் முதலில் எஞ்சினைச் சும்மா சுற்றிவிடுகிறது, ஆயில் ஏறுகிறது, அப்புறம்தான் பெட்ரோல், அதற்கும் அப்புறம்தான் பாரம். டாக்டரோ சிக்னலில் மோட்டாரில் சத்தமில்லாமல் கிளம்பி, உடனே மிதிமிதியென்று மிதிக்கிறார், தூங்குகிறவனை எழுப்பின கையோடு மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தது மாதிரி எஞ்சின் விழித்ததும் முழுப் பாரமும் அதன் மேல் விழுகிறது, ஆயில் வந்து சேர்வதற்குள் தகடு உரசிவிடுகிறது. உன் எஞ்சின் சோதனைக் கூடத்து மேடையில் முப்பது மணி நேரம் பழுதில்லாமல் ஓடியது என்று சொன்னாயே, அங்கே அது ஒரே ஒரு தடவைதான் கிளம்பியது. பெரிய எஞ்சினும் அப்படித்தான், பந்தயத்தில் கிளம்பினால் பெட்ரோல் போடவும் டயர் மாற்றவும் மட்டும்தான் நிற்கும். உன் கார் அப்படி நிற்கிற பிட்டை விட்டு மோட்டாரில் வெளியே வருகிறது, விபத்து ஏதாவது நடந்து எல்லா வண்டிகளையும் மெதுவாகப் போகச் சொன்னால் அப்போதும் மோட்டார், பிறகு எஞ்சினை எழுப்பி அந்த நிமிடமே முழு வேகம். ஓடின மணியை எண்ணாமல் எழுப்பின தடவையை எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். போன பேரிங்கை எடுத்து, தேய்மானம் ஒரே பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். இருந்தால், பிட்டின் வெளிவாசலைத் தாண்டுவதற்கு முன்பே நாலு விநாடி எஞ்சினைச் சும்மா சுற்றவிட்டால் போதும் என்பது அவர் ஊகம். ஊகம்தான் என்பதை அடிக்கோடிட்டு எழுதச் சொன்னார், போட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு அவர் அப்படிப் பேசியது உன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. அந்த எஞ்சின் பந்தயத்தின் நடுவில் நின்றால் எல்லாரும் உன்னைத்தான் கைகாட்டுவார்கள், தூரத்தில் தனியாக நிற்பாய், பக்கத்தில் நாங்கள் இருக்க மாட்டோம் என்ற பயம். அதைச் சொல்லத் தெரியாமல் தையல் மிஷின் என்றார். நேற்று என்னிடம், "நான் சொன்னது தப்புன்னு அவகிட்ட எழுது" என்றார். எழுதிவிட்டேன். நீயும் பெரிய மனசு பண்ணி ஒரு முழு வாக்கியமாவது பேசு. அவர் சொல்லிவிட்டார் என்பதற்காகச் சின்னதைப் போடாதே, முன்னே சொன்னார் என்பதற்காகப் பெரியதையும் போடாதே. எண்ணிப் பார், தகட்டைப் பார், உனக்கு எது சரியென்று படுகிறதோ அதை எழுது. எதை எழுதினாலும் எங்கள் மகள் எழுதியதுதான் அது.

நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. காதில் பஞ்சு வைக்காமல் எஞ்சின் பக்கத்தில் நிற்காதே, காதை நம்பிப் பிழைப்பவர் என்ன ஆனார் என்று படித்தாயல்லவா. போன தடவை இடுப்பு வலி என்றாயே, அதற்கு யாரையாவது பார்த்தாயா இல்லையா என்பதையும் எழுது. டாக்டரின் தகடு ஒன்றைத் துணியில் சுற்றி உள்ளே வைத்திருக்கிறேன், கையை வெட்டிக்கொள்ளாமல் பிரி. உறையை ஒட்டப் போகும்போது அப்பா வந்து ஒர்க் ஷாப் அட்டை ஒன்றையும் நீட்டினார், வண்டிக்கு வண்டி எழுதுவாரே, அதே அட்டை. குறை என்ற இடத்தில் 'பதினெட்டாம் மணியில் நின்றது' என்று எழுதியிருக்கிறார். கண்டது என்ற இடத்தில் 'எழுப்பின விதம்'. செய்தது என்ற இடம் காலி, அது நீ நிரப்ப வேண்டியதாம். வேலை முடிந்து, ஓட்டிப் பார்த்து, அதற்கப்புறம்தான் அட்டையில் கையெழுத்துப் போடுவார், டாக்டரின் அட்டையே இன்னும் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. உன் அட்டையில் கீழே இப்போதே போட்டிருக்கிறார்.

நூறாண்டு நன்றாக இரு கண்ணு. மாதக் கடைசிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, மறந்துவிடாதே.

உன் வரவையும் குரலையும் எதிர்பார்க்கும்
அம்மா