வட்டக்காய்க்குக் கறுவா போட்ட மங்கை அக்காவுக்கு

கன்னத்தில் எப்போதும் ஒரு துண்டு கறுவாவை அடக்கிக்கொண்டு என்னோடு சண்டை பிடித்த என் மங்கை அக்கா,

லிந்துலையில் மழை விட்டிருக்கிறது. நான் அதே தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில்தான் இன்னும் இருக்கிறேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் விடியற்காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போகிறார்கள். மாலையில் வந்து தூக்கிக்கொள்கிறார்கள். இப்போது கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள். ஒழுகுவதில்லை.

உங்களிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நம்முடைய யசோ எனக்குச் சமைத்துப் போட்டாள். ஆமாம், அதே யசோதான். இதை வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் விளங்கும். இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் பழையதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்த கதைதானே என்று கோபிக்காதீர்கள்.

நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் கணவரான சாரோடு இங்கே வந்தது தொண்ணூறுகளின் நடுவில். சாருக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. உங்களுக்கு இந்தக் குளிர் ஆகவில்லை. இருமலுக்காக, நாங்கள் பட்டை என்று சொல்லும் கறுவாவை மென்றுகொண்டு, கம்பளிச் சட்டைக்கு மேல் ஒரு சால்வையும் சுற்றிக்கொண்டு, ஒரு நாள் பிள்ளைக்காம்பராவின் கதவருகே வந்து நின்றீர்கள். "பிள்ளை, உங்கடை அடுப்படியிலை கொஞ்ச நேரம் இருக்கட்டே?" என்று கேட்டீர்கள். அப்படி வந்தவர்தான், பிறகு ஒவ்வொரு நாளும் வந்தீர்கள்.

அந்த வருடந்தான் யசோவின் அம்மா லெட்சுமி வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனாள். யசோவுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அம்மா போனதும் பிள்ளை சாப்பாட்டை விட்டுவிட்டாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை, வாயைத் திறக்க மறுத்தாள், அவ்வளவுதான். கையெல்லாம் குச்சியாகிவிட்டது. அவளுடைய அப்பா கதிரேசன் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். இப்படியே போனால் நுவரெலியா ஆஸ்பத்திரியில்தான் சேர்க்க வேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அவர் திரும்பி வந்து நம் வாசற்படியில் உட்கார்ந்தது நினைவிருக்கிறதா?

"இறம்பொடையில அவ சித்தி இருக்காங்க. அங்க கொண்டுபோயி விட்டுரலாமான்னு பாக்குறேன். என்னால முடியலங்க," என்றார்.

நீங்கள் சட்டென்று சொன்னீர்கள்: "தாயும் இல்லை, இனித் தகப்பனும் இல்லையெண்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? பொறுங்கோ தம்பி. நாங்கள் பாப்பம்."

அந்த 'நாங்கள்' என்னையும் சேர்த்துத்தான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

முதலில் கண்டுபிடித்தது நான். நீங்கள் பால் விடாத சாயத்தண்ணித் தேநீருக்குள் கறுவா போட்டுக் குடித்துக்கொண்டிருந்தபோது, மூலையில் கிடந்த பிள்ளை மூக்கைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு உங்கள் கோப்பைக்குக் கையை நீட்டினாள். "அக்கா, அதுக்குப் பட்டை வாசம் புடிச்சிருக்கு," என்றேன். அன்றைக்குத் தொடங்கியது நம் இரண்டு பேரின் பைத்தியம்.

அரிசிக் கஞ்சியில் போட்டோம், துப்பிவிட்டாள். பாலில் போட்டோம், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கரட்டோடு அவித்து மசித்ததில் ஒரு வாய் போனது, அடுத்த வாய் போகவில்லை. லீக்ஸில் போட்டது உங்கள் யோசனை. அக்கா, அதை நம்மாலேயே சாப்பிட முடியவில்லையே! வெங்காய வாடை ஒரு பக்கம், கறுவா வாசம் ஒரு பக்கம், இரண்டும் கடைசிவரை சேரவே இல்லை. நீங்கள் சிரித்துச் சிரித்து இருமினீர்கள்.

பிறகு ஒரு நாள் சார் பள்ளித் தோட்டத்தில் விளைந்த வட்டக்காய் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். நீங்கள் அதைப் பூசணிக்காய் என்பீர்கள். அதற்கும் கறுவா போடலாம் என்றதும் நான் சண்டைக்கு வந்தேன்.

"பட்டைய எறைச்சிக்குத்தானேக்கா போடுவாங்க? வட்டக்காய்க்கு யாராச்சும் போடுவாங்களா?"

"ஆர் சொன்னது? கறுவாவும் ஒரு இனிப்புத்தான் பிள்ளை. இனிப்போடை சேத்தால் குளிர்ந்துபோய்க் கிடக்கிற காயும் சூடுபிடிக்கும்."

சொன்னீர்கள், ஆனால் எண்ணெயில் போட்டுத் தாளித்துவிட்டீர்கள். கறிக்குழம்பு வாசம்தான் வந்தது, தொண்டையைப் பிடித்தது. அடுத்த நாள் நான் செய்தேன். தாளிக்கவே இல்லை. தேங்காயின் இரண்டாம் பாலில் வட்டக்காயையும் ஒரு துண்டு பட்டையையும் போட்டு, சின்ன நெருப்பில் அவியவிட்டேன். காய் வெந்ததும் பட்டையை எடுத்து வெளியே போட்டேன். மசித்து, முதற்பால் விட்டு இறக்கினேன். பால் கறுவாவின் உறைப்பை அடக்கிவிட்டது. வாசம் மட்டும் நின்றது. உப்பு நான் போட்டேன். நீங்கள் ஒரு சிட்டிகை மிளகுத்தூள் தூவினீர்கள். "தனிய இனிப்பெண்டால் ரெண்டு நாளிலை தெவிட்டிப்போம்," என்றீர்கள். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

யசோ முதல் வாயை விழுங்கினாள். இரண்டாம் வாய்க்குத் தானே வாயைத் திறந்தாள். கிண்ணம் பாதியானபோது "இன்னும்" என்றாள். அம்மா போன பிறகு அவள் சாப்பாட்டைப் பார்த்துச் சொன்ன முதல் சொல் அதுதான். நீங்கள் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புகை, புகை," என்றீர்கள். அன்றைக்கு அடுப்பில் எங்கே புகை இருந்தது?

கதிரேசன் மாலையில் வந்து, பிள்ளை கிண்ணத்தை வழிப்பதைப் பார்த்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னங்க வச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் தொழிலாளர் லயத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்த் தானே செய்கிறேன் என்று சட்டியை அடிப்பிடிக்க வைத்தார். பட்டையை எடுக்காமல் சேர்த்து மசித்தார். இரண்டு மூன்று தடவை திட்டு வாங்கித்தான் கைவந்தது. இறம்பொடைப் பேச்சு அதோடு நின்றது. பிறகு பருப்பு, பீட்ரூட், உருளைக்கிழங்கு என்று பிள்ளை ஒவ்வொன்றாகச் சாப்பிடத் தொடங்கினாள். பீட்ரூட்டுக்குக் கறுவாவோடு எலுமிச்சை பிழிந்த தேசிப்புளி விட வேண்டும் என்று நான், தேவையில்லை என்று நீங்கள். இன்றைக்கும் நான் விடுகிறேன் அக்கா.

இரண்டு வருடம் கழித்து லெட்சுமி வந்தாள். யசோ உங்கள் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பெற்றவள் முகம் செத்துப்போனது. "என்னைய தெரியலையா பாப்பா?" என்று கேட்டுக்கொண்டே நின்றாள். நீங்கள் பிள்ளையை இழுத்து அவளிடம் தள்ளவில்லை. "கூப்பிடாதை லெட்சுமி. சமைச்சுக் குடு. அவள் வருவாள்," என்றீர்கள்.

லெட்சுமி குவைத்தில் படித்துக்கொண்டு வந்த மாதிரிக் கோழியும் சோறும் சமைத்தாள். அதில் கறுவா, ஏலம், கூடவே உலர்ந்த திராட்சை. புளிப்பும் இனிப்புமாக அந்தத் திராட்சை சேர்ந்ததும் கோழியின் ருசியே வேறாகிவிட்டது. நாம் இருவரும் சண்டையை மறந்து சாப்பிட்டோம். யசோவும் சாப்பிட்டாள். ஆனால் மடிக்கு வரவில்லை. அதற்குத் தீபாவளி வரைக்கும் லெட்சுமி காத்திருந்தாள். காத்திருந்ததுதான் அவள் பெருமை.

போர் ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்ததும் நீங்களும் சாரும் ஊருக்குப் போனீர்கள். பிறகு ஒரு நாள் சார் போன் செய்தார். நெஞ்சுச் சளி என்றார். தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்றார். பாதை மறுபடி மூடிக் கிடந்ததால் என்னால் வர முடியவில்லை. உங்கள் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்காதது எனக்கு இன்னும் ஒரு குறைதான். ஆனால் முன்போல வலிப்பதில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். யசோ இந்த முறை ஓ.எல். பரீட்சை எழுதுகிறாள். உங்கள் உயரம் வந்துவிட்டாள். நுவரெலியாச் சந்தையில் வாங்கிய பேரிக்காயைத் துண்டு போட்டு, கறுவாவும் இஞ்சியும் சேர்த்து அவித்து, தேசிப்புளியும் இடித்த மிளகாயும் போட்டு அச்சாறு மாதிரி வைத்திருந்தாள். பேரிக்காயை நாம் நினைத்தே பார்க்கவில்லையே அக்கா! கல் மாதிரி இருக்கும் காய், கறுவாத் தண்ணீரை உறிஞ்சி அப்படி ஒரு பக்குவத்தில் இருந்தது. மிளகாய் கொஞ்சம் கூடிவிட்டது என்று சொன்னேன். முறைத்தாள். நான் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன்.

சாப்பிடும்போது அவளே கேட்டாள்: "ஆயம்மா, எங்க வீட்டுல மட்டும் ஏன் வட்டக்காய்க்குப் பட்டை போடுறாங்க? கூட்டாளிங்க வீட்டுல எல்லாம் கடுகுதான் போடுறாங்க."

நான் லெட்சுமியைப் பார்த்தேன். லெட்சுமி என்னைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னோம். யசோ கையில் சோற்றோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு உங்களை நினைவிருக்கிறது. சால்வையும் இருமலும் நினைவிருக்கின்றன. தான் பட்டினி கிடந்தது மட்டும் துளியும் நினைவில்லை.

"நானா? சாப்புடாம இருந்தேனா? சும்மா சொல்றீங்க," என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நமக்கு வேண்டியிருந்தது இதுதானே அக்கா?

பாதை மறுபடியும் திறந்திருக்கிறது என்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் நானும் லெட்சுமியும் யசோவும் யாழ்ப்பாணத்துக்கு வருவோம். சார் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாராம். உங்கள் அடுப்பில் ஒரு நாள் முழுக்க நாங்கள் சமைத்து, உங்கள் படத்துக்கு முன்னால் முதல் இலை போட்டு, அவரை உட்காரவைத்துப் பரிமாறுவோம். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. பீட்ரூட்டுக்குத் தேசிப்புளி விடத்தான் செய்வேன்.

உங்களோடு பிறக்காத, உங்கள் சண்டைக்காரத் தங்கச்சி
சாந்தி