வீடியோவில் காட்டாத கன்னம்

முத்தையாபுரம்,
14.7.2020

அன்புள்ள மகள் ஜெப்ஸிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பா சுகம், நீயும் மஸ்கட்டில் பத்திரமாக இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல், என்னைப் பற்றி மட்டும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. வாய் ஒரு விரலுக்கு மேல் திறக்கவில்லை, பேசினால் காது வரைக்கும் தெறிக்கிறது, அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன், அப்பா படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்.

ஒரு வாரமாக வீடியோவில் நான் வலது கன்னத்தை மட்டும் காட்டியதை நீ கவனிக்கவில்லை. இடது கடைவாய்ப் பல் சீழ் பிடித்து அந்தப் பக்கம் பன் போல வீங்கியிருக்கிறது, கூடவே காய்ச்சல். பல் டாக்டர் என்றாலே எனக்கு உதறல் என்பது நீ சிரிக்கிற கதைதான், ஆனால் இந்த உதறல் வேறு. ஊரே மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நடக்கும்போது நான் மட்டும் ஆவென்று திறந்துகொண்டு உட்கார வேண்டும், எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் யார் இருமினாரோ, அந்தக் கொரோனாவை வாங்கி வந்து சர்க்கரை உள்ள உன் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டால் என்ன செய்வேன். அதைவிடப் பெரிய பயம் காய்ச்சலை வெளியே சொல்வது. எதிர்வீட்டுப் பொன்னுதுரை அண்ணாச்சியைக் காய்ச்சல் என்றுதான் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், தெருமுனையில் தகரம் வைத்து அடைத்தார்கள், ஆறாம் நாள் போய்விட்டார் என்று போன் வந்தது. பிள்ளைகள் கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அதனால் உன் அம்மா ஒரு காரியம் செய்தாள். மாநகராட்சியிலிருந்து காய்ச்சல் கணக்கெடுக்க இசக்கிசெல்வி தினமும் பத்து மணிக்கு வருவாள், என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்தவள். நான் ஒன்பது மணிக்கே காய்ச்சல் மாத்திரை போட்டு, மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டு, கேட்டில் நின்று நெற்றியை நீட்டுவேன், ஒன்றுமில்லை என்பேன், அவளும் எழுதிக்கொண்டு போவாள். ஐந்து நாள் இப்படி. பொய் சொன்னதற்காக எத்தனை பிள்ளைகளை பெஞ்சில் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். நேற்று காலை கஞ்சி இறங்கவில்லை, மாத்திரையும் இறங்கவில்லை. அப்பா பயந்துபோய் பல் டாக்டர் தேவபிரசாதத்துக்குப் போன் போட்டார்கள். கிளினிக்கை அவசரத்துக்கு மட்டும் திறக்கிறாராம், வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சை அடைக்கும், உடனே ஊசி போடுங்கள், காய்ச்சல் இருப்பதால் டெஸ்டும் எடுங்கள் என்றார். இசக்கிசெல்வி வந்ததும் நானே மாஸ்க்கை இறக்கிக் காட்டினேன். இரண்டடி பின்னால் போனவள், "டீச்சர், இதையா இத்தன நாளு மறச்சிய? நீங்க சொல்லுதது சரியாத்தான் இருக்கும்னு நான் ஒரு நாளும் திருப்பிக் கேக்கலியே" என்றாள். பல்வலியைவிட அது வலித்தது. ஆனாலும் அவளேதான் காய்ச்சல் முகாமுக்குக் கூட்டிப்போய் ஊசி போட வைத்து, டெஸ்டும் எடுக்க வைத்தாள்.

நாளைக் காலை ரிசல்ட். இல்லை என்று வந்தால் பதினோரு மணிக்குப் பல்லைப் பிடுங்குவார், இருக்கிறது என்று வந்தால் வீங்கிய கன்னத்தோடு ஆம்புலன்ஸில் ஏற வேண்டியதுதான். பயமாக இருக்கிறது ஜெப்ஸி. உனக்கும் கடைவாயில் ஒரு சொத்தை உண்டு, அங்கே கிளினிக் திறந்ததும் காட்டிவிடு, என்னைப் போல இருந்துவிடாதே. கர்த்தர் உன்னை எந்தத் தீங்கும் அண்டாமல் காப்பாராக.

நாளை ஒன்பது மணிக்குப் போனைக் கையிலேயே வைத்திரு. எந்த வண்டியில் ஏறினாலும் அதற்கு முன்னால் வீடியோவில் வருவேன். பேச மாட்டேன், முழு முகத்தையும் காட்டுவேன். பார்க்க நன்றாக இருக்காது. நீ அழாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிரு.

இப்படிக்கு,
உன் அம்மா
இன்பமணி