எது தெரியாமல்?

திருச்சுழி
6-8-2025

அன்புள்ள தம்பி நவநீதகிருஷ்ணனுக்கு,

நான் மயங்கி விழவில்லை. உன் நூல்கடைக்கு வருகிறவர்களெல்லாம் அப்படிப் பேசிக்கொள்வதாக எதிர்வீட்டு ஜக்கம்மாள் சொன்னாள். எனக்குச் சர்க்கரையும் இல்லை, தலைசுற்றலும் இல்லை. பதின்மூன்று வயதில் கான்வென்ட் மைதானத்தில், சிஸ்டர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர, சைக்கிள் கற்றவள் நான். அன்றிலிருந்து இந்த எழுபத்திரண்டு வயது வரை விழுந்தது இந்த ஒரு தடவைதான். அதுவும் நானாக விழவில்லை.

வரிசையாக எழுதுகிறேன். போன வியாழக்கிழமை காலை பத்தரை மணி. தபால் ஆபீசிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். வெயிலுக்காகத் தலையைச் சுற்றி வெள்ளைத் துண்டு கட்டியிருந்தேன். சாலை காலியாக இருந்தது, எதிரே ஒரு வண்டிகூட இல்லை. பின்னால் நீளமாக ஹாரன் கேட்டது. நான் ஓரத்தில்தான் போனேன். அதற்கு மேல் ஒதுங்கினால் முழங்கால் ஆழப் பள்ளம், அதை அடுத்துக் கருவேல முள். ஒரு வெள்ளைக் கார் பக்கத்தில் வந்து, வேகத்தைக் குறைத்து, சிறிது தூரம் என்னோடு கூடவே ஓடியது. பிறகு மெல்ல என் பக்கம் சாய்ந்தது. அவசரமாகப் போகிறவன் வேகத்தைக் குறைப்பானா?

முள்ளுக்குள் கிடந்தபோது கார் நின்றது. ஓட்டியவன் பக்கத்தில் இருந்த சிநேகிதனிடம் சிரித்துக்கொண்டே சொன்னது என் காதில் விழுந்தது: "ஏலே, லேசாத்தான் அணைச்சேன், சைக்கிளு பறந்திருச்சுலே!" பழகிய குரல். இறங்கி வந்து துண்டை விலக்கிப் பார்த்தவன், "ஐயோ, அத்தையா!" என்று அழுதுவிட்டான். உன் மகன் ராம்குமார்.

அவன்தான் என்னைத் தூக்கிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இடது கை எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. எழுதும் கை நன்றாக இருக்கிறது.

ஏட்டு வந்து கேட்டபோது, "வேண்டுமென்றே இடித்தான்" என்றேன். அவர் எழுதிப் படித்துக் காட்டியதில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். "ரோட்டுல நடக்குற எல்லாத்துக்கும் இப்படித்தாம்மா எழுதுறது" என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. 25ஆம் தேதி திங்கட்கிழமை மறுபடியும் வாக்குமூலம் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ராம்குமாரைக் கேட்டு எனக்கு எழுது. போனில் பேசியதை மறுநாள் யாரும் மாற்றிச் சொல்லலாம்.

உன் அக்கா,
கோகிலாம்பாள்

*

அருப்புக்கோட்டை
9-8-2025

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

கைவலி எப்படி இருக்கிறது? ரேணுகா பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மகனைப் பெற்றவள் அல்லவா? அவனும் கடைக்கு வராமல் அறைக்குள்ளேயே கிடக்கிறான்.

பையன் தெரியாமல் செய்துவிட்டான், அக்கா. நீங்கள் என்று தெரிந்திருந்தால் செய்திருப்பானா? உங்கள் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்தே வளர்ந்தவன்.

வக்கீலைப் பார்த்தேன். அஜாக்கிரதை என்றால் பெரும்பாலும் அபராதத்தோடு முடிந்துவிடுமாம். வேண்டுமென்றே கொடுங்காயம் என்று போனால் ஏழு வருடம் வரை தண்டனை உண்டாம். தை மாதம் அவனுக்குக் கல்யாணம். எல்லாம் உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையில் இருக்கிறது. போன தடவை மாதிரி இதையும் நமக்குள் பேசி முடித்துவிட்டால் நல்லது.

இந்த வயதில் சைக்கிள் எதற்கு என்று ஊர் கேட்கிறது. நான் கேட்கவில்லை. ஞாயிறன்று நேரில் வருகிறேன்.

தம்பி,
நவநீதன்

*

திருச்சுழி
13-8-2025

அன்புள்ள நவநீதனுக்கு,

ஞாயிறன்று நீ வந்தாய். காபி கொடுத்தேன். வழக்கைப் பற்றி எழுத்தில் மட்டும் என்றதும், "சொந்தத் தம்பிகிட்டயே மனு எழுதி வாங்குவீகளோ?" என்று கோபித்துக்கொண்டு ஆப்பிள் பையை வைத்துவிட்டுப் போய்விட்டாய். ஆமாம், வாங்குவேன்.

தெரியாமல் செய்துவிட்டான் என்கிறாய். அவனுக்கு எது தெரியாது? சாலை காலி என்று தெரியும். ஓரத்தில் பள்ளம் என்று தெரியும். கார் எவ்வளவு கனம், சைக்கிள் எவ்வளவு லேசு என்று தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான், துண்டுக்குள் இருந்த முகம். அப்படியென்றால், வேறு யாராவது என்றால் செய்யலாம் என்று நினைத்துத்தானே செய்திருக்கிறான்? நீ அவனுக்குச் சொல்லும் சமாதானமே அவன் மேல் குற்றமாக இருக்கிறது. நீ அதைத் திரும்பப் படித்துப் பார்த்தாயா?

அணைச்சேன் என்றான். அவன் அம்மைபோட்டுக் கிடந்தபோது நான் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கும் அதே சொல்தான்.

அரிவாளை ஓங்கியவனை அஜாக்கிரதையாக ஓங்கினான் என்று யாரும் எழுதுவதில்லை. காரைக் கொண்டு செய்தால் மட்டும் பேனா தானாக அந்தச் சொல்லுக்குப் போய்விடுகிறது. புத்தகத்தில் இரண்டு பிரிவும் இருப்பதை உன் வக்கீலே சொல்லியிருக்கிறார். சட்டம் இருக்கிறது. சைக்கிளில் போகிறவர்களுக்காக அந்தப் பக்கத்தைத்தான் யாரும் திருப்புவதில்லை.

இன்னொன்று. "போன தடவை மாதிரி" என்று எழுதியிருக்கிறாய். அது எந்தத் தடவை?

உன் அக்கா,
கோகிலாம்பாள்

*

அருப்புக்கோட்டை
16-8-2025

அக்காவுக்கு,

அது கை தவறி எழுதிவிட்டேன். கேட்டபிறகு உங்களிடம் மறைக்கவில்லை. நரிக்குடியில் சைக்கிளில் முட்டை விற்கும் பால்சாமி என்று ஒருவர். சித்திரை மாதம் நடந்தது. அதுவும் தெரியாமல் நடந்ததுதான். புது சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், கும்பிட்டு வாங்கிக்கொண்டார். யாரும் எங்கும் எழுதவில்லை.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்னால் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இருக்காது. இதை ரேணுகா எழுதச் சொன்னாள். நானும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நவநீதகிருஷ்ணன்

*

திருச்சுழி
20-8-2025

அன்புள்ள நவநீதனுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

நேற்று பஸ் ஏறி நரிக்குடிக்குப் போனேன். பால்சாமி வீட்டை விசாரிப்பதில் சிரமம் இல்லை. நீ வாங்கிக் கொடுத்த சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கிறது. சீட்டில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அவருக்கு வலது முழங்கால் மடங்காது. நடக்கவே கம்பு வேண்டியிருக்கிறது, எப்படி மிதிப்பார்? நீ கொடுத்த அன்றே அவர் காலைப் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டுத்தான் சைக்கிள் கொடுத்திருக்கிறாய்.

என் மாவுக்கட்டைப் பார்த்து, "நீங்களும் சைக்கிளாம்மா?" என்று கேட்டார். நான் யார் என்று சொன்னேன். பிறகு, "தெரியாமச் செஞ்சிட்டாருன்னு அவுக அய்யா சொன்னாக. என்னைய இன்னாருன்னு தெரிஞ்சிருந்தா மட்டும் என்னம்மா செஞ்சிருப்பாரு?" என்றார். முகம் தெரிந்ததும் அழுதது அத்தைக்காக மட்டும்தான்.

சித்திரையில் நீ அதை எழுத விட்டிருந்தால் ஆடியில் என் கை முறிந்திருக்காது. கைக்காகச் சொல்லவில்லை, கை கூடிவிடும். உன் மகன் அவ்வளவோடு நின்றிருப்பான்.

திங்கட்கிழமை நான் "வேண்டுமென்றே" என்றுதான் சொல்வேன். அந்தச் சொல் தாளில் இருந்தால்தான் கையெழுத்துப் போடுவேன். பால்சாமியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உன் கடிதத்தையும் எடுத்துப் போகிறேன். உன் வீட்டு வாசல் எனக்கு மூடியிருக்கும் என்பதைப் படித்துப் புரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். நம் அப்பாவுக்குப் பிறகு எனக்குப் போக இருந்த ஒரே வாசல் அது.

ராம்குமாருக்கு இருபத்தாறு வயது. அவனுக்காக நீயும், அவன் அம்மாவும், வக்கீலும் பேசுகிறீர்கள். அவன் இதுவரை ஒரு வரி எழுதவில்லை. இரண்டு தடவையும் தெரிந்தே செய்தேன் என்று அவன் தன் வாயால் ஸ்டேஷனில் சொல்வதானால், அத்தை நான் அவன் பக்கத்தில் நின்று, உண்மையைச் சொன்ன பிள்ளை என்று நீதிபதியிடம் சொல்வேன். சொல்லாவிட்டாலும் என் வாக்குமூலம் மாறாது.

சொல்வானா, மாட்டானா என்பதை அவன் கையாலேயே எழுதி, திங்கட்கிழமைக்கு முன் கிடைக்கும்படி அனுப்பச் சொல்.

அக்கா,
கோகிலாம்பாள்