கைப்பிடி என் கோட்டுப் பையில்

ரூப்பர்ட்,

எழுந்ததும் விறகு பாய்லரைப் பற்றவைக்காதே. முதலில் இதைப் படி.

செப்டம்பரிலேயே செய்ய வேண்டிய சோதனையை இன்று காலைதான் செய்தேன். தப்பு என்மேலும்தான். பாய்லர் ஆறியிருந்தது. சூடு மீறினால் உள்ளே குளிர்ந்த தண்ணீரை விடும் வால்வின் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. பார்த்தால், அதற்குத் தண்ணீர் வரும் குழாயை நீ மூடி வைத்திருக்கிறாய்!

போன பிப்ரவரியில் கரண்ட் போய், பம்ப் நின்று, சூடு காட்டும் முள் தொண்ணூற்றைந்து டிகிரியைத் தாண்டியபோது நம்மைக் காப்பாற்றியது இந்த வால்வுதான். அன்றிலிருந்துதான் அது சொட்டுகிறது. "ராத்திரி பூரா சொட்டு சொட்டுன்னு உயிரை வாங்குதுடி" என்று மூன்று வாரம் முன்பு புலம்பினாயே, அப்போதா மூடினாய்? அப்படியென்றால் மூன்று வாரமாக இப்படியேதான் விறகு எரித்திருக்கிறோம். பாய்லருக்கு நேர் மேல் அறையில் நம் குழந்தை லியோனி தூங்குகிறாள், ரூப்பர்ட்.

திறந்துவிட்டு மறுபடி அழுத்தினேன். தண்ணீர் பீறிட்டு ஓடியது. கையை எடுத்ததும் நின்றது. சொட்டுவது மட்டும் நிற்கவில்லை.

பாய்லரையும் சோதித்துப் பார்க்கும் சிம்னி துடைப்பவர் இரண்டு மணிக்கு வருவார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லு. அவர் சரி என்ற பிறகு பற்றவை. விறகைக் கழுத்துவரை அடைக்காதே.

சூப் அடுப்பில் இருக்கிறது. கொதித்த பிறகு ரொட்டி உருண்டைகளைப் போடு.

கிராட்ஸ் பஸ்ஸுக்கு ஓடுகிறேன்.

ஹெட்விக்

குழாயின் கைப்பிடியைக் கழற்றி எடுத்துப் போகிறேன். தேடாதே.

இன்னொன்று: வால்வை மாற்றும்வரை அது சொட்டட்டும். சத்தம் நின்றால்தான் எனக்குத் தூக்கம் வராது.